சுமப்பதும் வளர்ப்பதும்

சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தேனி மாவட்டத்துக்கும் வந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில், அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த ஜெயலலிதா ஆண்டிபட்டி இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து மீண்டும் முதலமைச்சர் ஆனார். அந்தத் தேர்தலைப் பற்றி எவ்வளவோ எழுதினார்கள். சாதிக் கணக்கு வந்தது, எம்.ஜி.ஆர். நின்ற தொகுதி என்கிற ராசி வந்தது. தொட்டில் வந்த மண்ணும் ஓட்டு விழுந்த மண்ணும் ஒன்றுதான் என்பதை நான் படித்தவரை யாரும் எழுதவில்லை. பெண்களின் வயிறு சம்பந்தப்பட்ட சேதி நம் அரசியல் பேச்சில் உள்பக்கத்துச் சேதியாகவே இருந்துவிடுகிறது.

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டிக் கிழக்கே போனால் உசிலம்பட்டி. 1985, 86 வாக்கில் பத்திரிகைகள் அங்கே நடந்த பெண்சிசுக் கொலைகளை எழுதியபோது நாடே அதிர்ந்தது. கணவாய்க்கு இந்தப் பக்கம் அவ்வளவு அதிர்ச்சி இல்லை. கள்ளிப்பாலும் எருக்கம்பாலும் நெல்மணியும் எதற்குப் பயன்பட்டன என்பது இங்கேயும் கிழவிகளுக்குத் தெரியும். அந்தக் கொலைகளுக்கு அரசு கண்ட மறுமொழிதான் தொட்டில். வேண்டாத பிள்ளையைக் கொல்லாதே, இங்கே போட்டுவிட்டுப் போ, யார் என்று கேட்கமாட்டோம். பெண்பிள்ளையைக் கைவிடுவதற்கு அரசே வழி செய்து கொடுக்கிறது என்று பெண்ணியர் பலர் அன்றே கண்டித்தார்கள். கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆனால் 2020 மார்ச்சில்கூடச் செக்கானூரணிப் பக்கம் ஒரு மாதப் பெண்குழந்தை எருக்கம்பால் கொடுத்துக் கொல்லப்பட்டதாகப் பெற்றவர்கள் கைதானார்கள். அதைப் படித்த பிறகு, தொட்டிலே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா 1994இல் எடுத்த ‘கருத்தம்மா’ இந்த நிலத்தின் கதை. அதில் கொல்லச்சொல்லிக் கொடுத்த பெண்சிசுவை ஓர் ஆசிரியர் எடுத்துப்போய் வளர்க்கிறார். அவள் வளர்ந்து ஊருக்குத் திரும்பி வருகிறாள். கொட்டகையில் அழாதவர்கள் குறைவு. நம் கதைகளில் எடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளை எப்போதும் திரும்பி வருகிறது, வந்து பெற்றவர்களின் குற்றத்தைக் கழுவிவிட்டுப் போகிறது. பெற்றவள் அந்த இருபது வருடங்களை எப்படிக் கழித்தாள் என்பதைச் சொல்லக் கதையில் இடம் இருப்பதில்லை.

தொட்டில் வந்ததற்குப் பிறகு அதில் கிடத்தப்பட்டவை பெண் என்பதற்காக வேண்டாமென்று விடப்பட்ட பிள்ளைகள் மட்டுமல்ல. கல்யாணத்துக்கு முன் பெற்றவளின் பிள்ளை, உடற்குறையோடு பிறந்த பிள்ளை, ஐந்தாவதாகப் பிறந்த பிள்ளை என்று காரணங்கள் கலந்துபோயின. அப்போதிருந்து ஒரு வாதம் நல்ல மனம் உள்ளவர்கள் வாயிலும் சாதாரணமாக வருகிறது: “எதுக்குக் கலைக்கணும்? பெத்துக் குடுத்துட்டாப் போச்சு. பிள்ளை இல்லாம எத்தனை பேர் ஏங்கிக் கெடக்காக!” கேட்க நியாயமாக இருக்கிறது. ஒரு உயிர் பிழைக்கிறது, ஒரு வீட்டில் தொட்டில் ஆடுகிறது. கலைப்பதா தத்துக் கொடுப்பதா என்று இரண்டையும் தராசில் வைத்து நிறுத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

நிறுக்க முடியாது என்பதுதான் என் எண்ணம். தேவையில்லாமல் தரித்துவிட்ட பெண்ணின் முன்னால் இருப்பவை இரண்டு கேள்விகள். இந்தக் கர்ப்பத்தை நான் சுமக்க முடியுமா என்பது ஒன்று. பிறக்கும் பிள்ளையை நான் வளர்க்க முடியுமா என்பது மற்றது. கருக்கலைப்பு முதல் கேள்வியோடு சம்பந்தப்பட்டது. தத்து இரண்டாவதோடு சம்பந்தப்பட்டது. சுமக்க முடியும், வளர்க்கத்தான் முடியாது என்கிறவளுக்குத் தத்து பெரிய வழி. சுமக்கவே முடியாது என்கிறவளிடம் தத்தைப் பற்றிப் பேசுவது, அவள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது. பத்து மாதத்தை யாரும் தத்து எடுத்துக்கொள்வதில்லை.

அந்தப் பத்து மாதம் எங்கள் பள்ளத்தாக்கில் எப்படிக் கழியும் என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

விடிவதற்கு முன்னால் கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி என்று ஊர் ஊராக ஜீப்புகள் கிளம்பும். கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆட்கள் ஏறுவார்கள், பெரும்பாலும் பெண்கள். கொள்ளும் அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் அந்த ஜீப்புகள் கவிழ்ந்த செய்தி வராத ஆண்டு குறைவு. சாயங்காலம் இறங்கி வந்தால்தான் கூலி. ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு, போகவர பஸ் காசு, துணைக்கு வருகிற மதினியின் கூலியும் சேர்ந்து போச்சு. கூடலூரிலிருந்து க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஏலக்காட்டுச் சரிவில் குனிந்தபடி காயெடுக்கும் வேலையை வயிற்றில் பிள்ளையோடு எத்தனை மாதம் செய்யலாம்? இதில் வேலையை நிறுத்தினால் ஏன் நிறுத்தினாள் என்று தெரு கேட்கும்.

தெரு கேட்பதற்கு முன்னாலேயே அரசும் கேட்கிறது. தமிழ்நாட்டில் கர்ப்பம் தரித்த பெண் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவில் கிடைக்கும் பிக்மி எண் இருந்தால்தான் பிறப்புச் சான்றிதழ். தாய்சேய் மரணம் குறைந்ததில் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் இந்தப் பதிவுக்கும் பெரும்பங்கு உண்டு, அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் நர்சம்மா வீட்டுக்கு வந்து அட்டை போடுகிற ஊரில், யாருக்கும் தெரியாமல் பெற்று யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிடலாம் என்பது சினிமாவில்தான் நடக்கும். கல்யாணமாகாத பெண் என்றால் ஐந்தாம் மாதம் திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ வேலைக்குப் போய்விட்டாள் என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். போய் எங்கே இருப்பாள் என்பதற்கு வீட்டில் பதில் இருக்காது.

கல்யாணமாகாத பெண் என்று சொன்னேன். இந்தப் பேச்சை எடுத்தாலே நமக்கு அவள்தான் நினைவுக்கு வருகிறாள்: ஏமாற்றப்பட்டவள், காலேஜ் படித்தவள், அணைக்கட்டில் குதித்தவள். கதைகளும் படங்களும் அவளைப் பழக்கி வைத்திருக்கின்றன. உண்மையில் நாள் தள்ளிப்போய்க் கவலையோடு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்களில் மிகப் பலர் கழுத்தில் தாலியும் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நிற்பவர்கள். பால்குடி மறக்காத பிள்ளை இருக்கும்போது மறுபடி தரிக்காது என்று நம்பியவர்கள். தமிழ்நாட்டுக் குடும்பக் கட்டுப்பாடு என்பது நடைமுறையில் பெண்ணுக்கு ஆபரேஷன் என்றே ஆகிவிட்டது. மாத்திரையோ உறையோ காப்பர் டியோ பரவலாக இல்லை. முதல் பிள்ளைக்கும் ஆபரேஷனுக்கும் இடைப்பட்ட வருடங்கள் தெய்வத்தின் பொறுப்பில் விடப்பட்டிருக்கின்றன. ஆண்களுக்கான அறுவை சிறுநேர வேலை, தையல்கூட வேண்டியதில்லை. அதைச் செய்துகொண்ட ஆண் எங்கள் பக்கம் ஊருக்கு ஒருவர் தேறினால் ஆச்சரியம்.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு அப்படிப்பட்ட ஒரு பெண்ணுடையது. இருபத்தேழு வயது, இரண்டு பிள்ளைகள், இரண்டாவது பிரசவத்துக்குப் பின் வந்த மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவள். பால் கொடுக்கும் காலத்தில் விலக்கு வராததால் தரித்ததே தெரியவில்லை. தெரிந்தபோது மாதங்கள் கடந்துவிட்டன, கோர்ட்டுக்கு வந்தபோது 26 வாரம். இரண்டு பெண் நீதிபதிகள் முதலில் அனுமதி கொடுத்தார்கள். குழந்தை உயிரோடு பிறக்கக்கூடும் என்று எய்ம்ஸ் மருத்துவர் எழுதிக் கேட்டபோது அந்த இருவரே இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். கடைசியில் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு அக்டோபர் 16 அன்று மறுத்துவிட்டது. பிரசவச் செலவை அரசு ஏற்கும், பெற்ற பிறகு பிள்ளையைத் தத்துக் கொடுப்பது பெற்றோர் விருப்பம் என்றது. அதே ஆண்டின் தொடக்கத்தில், 29 வாரத்தில் வந்த இருபது வயது பொறியியல் மாணவியின் வழக்கிலும் பிரசவத்துக்கு எய்ம்ஸில் ஏற்பாடு செய்து, தத்துக்குப் பதிவு செய்திருந்த தம்பதியிடம் பிள்ளையை ஒப்படைக்க நீதிமன்றமே வழி செய்தது.

மாணவியின் வழக்கில் அந்தத் தீர்வு மனிதத்தன்மையோடு இருந்ததாகவே எனக்குப் படுகிறது. அவளைச் சுற்றி இருந்தவர்கள் அவளோடு பேசி, அவள் சம்மதத்தோடு செய்தார்கள். இரண்டு பிள்ளைக்காரியின் வழக்கில் தத்து என்ற சொல் வேறு வேலை செய்தது. சுமக்க முடியவில்லை என்று வந்தவளுக்கு, வளர்க்க வேண்டியதில்லை என்று ஆறுதல் சொல்லப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்பது இன்னமும் பலருக்குத் தெரியாது என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் எழுதிய 1860 தண்டனைச் சட்டத்தில் கருக்கலைப்பு குற்றம். புதிய நியாய சன்ஹிதாவிலும் அது பிரிவு 88ஆக இருக்கிறது. அந்தக் குற்றத்துக்கு விதிவிலக்காக வந்ததுதான் 1971இன் கருக்கலைப்புச் சட்டம். சாந்திலால் ஷா குழு அறுபதுகளில் திருட்டுத்தனமாகக் கலைத்துச் செத்துப்போகும் பெண்களைப் பற்றி எழுதிய அறிக்கையின் விளைவு அது. 2021 திருத்தத்துக்குப் பின் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் சொல்ல வேண்டும். வன்புணர்வுக்கு ஆளானவர், சிறுமி, கர்ப்பகாலத்தில் விதவையானவர், விவாகரத்தானவர், ஊனமுற்றவர், மனநலம் குன்றியவர் போன்றவர்களுக்கே அந்தக் கூடுதல் காலம். கருவில் கடும் குறை இருப்பதாக மருத்துவ வாரியம் சொன்னால் வார வரம்பு இல்லை. கருத்தடை தவறிப்போனது ஒரு காரணம் என்று சொல்லும் இடத்தில் முன்பு கணவன் என்று இருந்ததைத் துணைவர் என்று மாற்றினார்கள். கல்யாணமாகாதவளுக்கும் இதே உரிமை என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பதினெட்டு நிறைந்தவள் என்றால் அவள் கையெழுத்து மட்டும் போதும். அவள் பெயரை வெளியே சொன்னவருக்கு ஓராண்டு வரை சிறை.

ஆனாலும் நடப்பு வேறு. பல ஆஸ்பத்திரிகளில் புருஷன் கையெழுத்து கேட்கிறார்கள். புருஷன் இல்லையென்றால் அப்பா வரட்டும் என்கிறார்கள். கலைத்த கையோடு ஆபரேஷனோ காப்பர் டியோ செய்துகொள் என்று நிபந்தனை போடும் இடங்கள் உண்டு. கருவின் பாலினம் பார்த்துக் கலைப்பதைத் தடுக்க வந்த 1994 சட்டத்தின் பேரில் ஸ்கேன் சென்டர்களைக் கண்காணிக்கிறார்கள். தேவையான வேலைதான், அந்தச் சட்டம் வந்திராவிட்டால் கள்ளிப்பாலின் இடத்தில் ஸ்கேன் மெஷினே உட்கார்ந்திருக்கும். ஆனால் அந்தக் கண்காணிப்பின் பயத்தில், கலைப்பது என்றாலே வம்பு என்று ஒதுங்கும் மருத்துவர்கள் பெருகிவிட்டார்கள். மாத்திரை வைத்திருக்கும் மருந்துக்கடையும் அரிது. இரண்டு சட்டங்களும் வேறு வேறு என்பது படித்த அதிகாரிகளுக்கே சில நேரம் குழம்பிவிடுகிறது.

விளைவு, அவள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வேறிடம் போகிறாள். பழைய காலத்தில் எருக்கங்குச்சி. அதைச் செருகிச் சீழ்பிடித்துச் செத்தவர்களின் கதை எல்லாக் கிராமத்திலும் உண்டு. இப்போது எங்கிருந்தோ வாங்கிவந்த மாத்திரை. ஒன்பது வாரத்துக்குள் மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் அந்த மாத்திரை பத்திரமானது. யாரும் பார்க்காமல், வாரம் தெரியாமல், கரு குழாயில் தங்கியிருக்கிறதா என்றும் தெரியாமல் விழுங்கும்போதுதான் ஆபத்து. இந்தியாவில் 2015இல் நடந்த கருக்கலைப்புகள் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் என்று தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நடந்த ஆய்வை வைத்து மதிப்பிட்டார்கள். அதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவை ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. இந்த எண்ணைத் தத்தின் எண்ணோடு சேர்த்துப் பாருங்கள். மத்தியத் தத்து வள ஆணையமான காரா வழியாக 2024–25இல் நடந்த தத்துகள் 4,515. பல ஆண்டுகளில் அதுதான் அதிகம். கலைக்காமல் கொடுத்துவிடலாமே என்பவர்கள் கோடியை ஆயிரங்களுக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள்.

அதற்காகத் தத்து சின்ன வழி என்று நான் சொல்லவில்லை. சுமந்துவிட்டவளுக்கு, சுமக்கத் துணிந்தவளுக்கு, வாரம் கடந்துபோய் வேறு வழி இல்லாதவளுக்கு அது பெரிய வழி. அதன் நடைமுறையும் நாம் நினைப்பதைவிட மரியாதையானது. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின்படி தாய் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் ஒப்படைக்கலாம். கல்யாணமாகாத தாய் என்றால் அவள் ஒருத்தியின் கையெழுத்து போதும், அப்பன் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. முடிந்தவரை குழுவில் உள்ள பெண் உறுப்பினர் ஒருவர் முன்னிலையிலேயே அது நடக்கலாம். பிறகு மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ள இரண்டு மாதம் தருகிறது சட்டம். பிள்ளை பதினெட்டு வயதுக்குப் பிறகு பெற்றவளைத் தேடி வந்தாலும், அவள் விரும்பாவிட்டால் அவள் விவரம் தரப்படாது. இதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. புருஷன் உயிரோடு இருக்கும் பெண்ணுக்கோ விதி வேறு. இருவரும் கையெழுத்திட வேண்டும். குடித்துவிட்டு அடிக்கிறவனிடமும் கையெழுத்து வாங்குவது அவள் பாடு.

அந்த இரண்டு மாதத்தைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். பிரசவமான மூன்றாம் நாள் பால் இறங்கும். பிள்ளையைக் கொடுத்துவிட்டோம் என்பது மார்புக்குத் தெரியாது. பால் கட்டிக்கொண்டு நெருப்பாகக் காந்தும், காய்ச்சல் வரும். எங்கள் பக்கம் பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள், பால் வற்றிவிடும் என்று. இது பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கிவிடாமல் வேலூரில் மருத்துவர்கள் சோதித்துப் பார்த்து, அதற்கென்று இருந்த மாத்திரையோடு ஒப்பிட்டு, மல்லிகையும் பால் சுரப்பைக் குறைக்கிறது என்று 1988இல் எழுதியிருக்கிறார்கள். ஆண்டிபட்டி வட்டாரத்தில் ஏக்கர் கணக்கில் பூக்கும் மல்லிகைக்கு இப்படியும் ஒரு பயன். பிள்ளை செத்தவளுக்குப் பூக்கட்ட நாலு பேர் வருவார்கள். பிள்ளையைக் கொடுத்தவளுக்கு யார் கட்டுவது? அவள் பெற்றதே வெளியே தெரியக்கூடாது என்கிற இடத்தில் அவள் துக்கம் எந்த வீட்டில் உட்கார்ந்து அழும்?

கலைத்தவர்களுக்கும் துக்கம் உண்டா என்று கேட்பார்கள். சிலருக்கு உண்டு, பலருக்கு முதலில் வருவது அப்பாடா என்கிற பெருமூச்சு. இரண்டும் ஒருத்திக்கே வருவதும் உண்டு. வயிற்றில் இருந்தது ஒன்றுமே இல்லை என்று சொல்லச் சொன்னால் என்னால் சொல்ல முடியாது. அது உயிரின் தொடக்கம்தான். அதற்கும் அவளுக்கும் நடுவே யார் தீர்ப்புச் சொல்வது என்று வரும்போது, அவளைத் தவிர வேறு யாருடைய தகுதியும் எனக்குப் புலப்படவில்லை. நீதிபதியுடையதும், சாமியாருடையதும், இந்தக் கட்டுரையை எழுதுகிறவனுடையதும் சேர்த்துத்தான்.

சட்டப்படியான தத்து இவ்வளவு மரியாதையோடு எழுதப்பட்டிருந்தும் பெண்கள் ஏன் புரோக்கரிடம் போகிறார்கள்? 2019இல் ராசிபுரத்தில் ஒரு பெண் போனில் விலை பேசிய ஒலிப்பதிவு வெளியாகி நாடே கேட்டது. ஆண் குழந்தைக்கு இவ்வளவு, பெண் குழந்தைக்கு இவ்வளவு, நிறம் பார்த்துக் கூட்டிக் குறைத்து. ஏதோ காய்கறிச் சந்தைபோல என்று எல்லோரும் வெட்கப்பட்டோம். பிள்ளையை விற்பதும் வாங்குவதும் ஐந்தாண்டு வரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றம். ஆஸ்பத்திரி ஊழியர் செய்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு. வெட்கத்தோடு நிறுத்திவிடாமல் ஒன்றை யோசித்தால், புரோக்கர் அந்தத் தாய்க்கு என்ன கொடுத்தான் என்று தெரியும். பணம் கொடுத்தான், அது கொஞ்சம். கடைசி மாதங்களுக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுத்தான், பிரசவச் செலவைப் பார்த்தான், யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டான். அரசு சட்டத்தில் எழுதிவைத்த ரகசியத்தை அவன் நடைமுறையில் காப்பாற்றினான். அவனை ஒழிக்க வேண்டுமென்றால் அவன் செய்ததை நாம் நேர்மையாகச் செய்ய வேண்டும். போலீஸ் மட்டும் போதாது.

இதற்கு நடுவில் எங்கள் ஊர்களின் பழைய வழி ஒன்று இருக்கிறது, எந்தக் கணக்கிலும் வராத வழி. அக்காளுக்குப் பிள்ளையில்லை, தங்கைக்கு நாலாவது தரித்துவிட்டது. “கலைக்காதத்தா, எனக்குக் குடுத்துரு” என்பாள் அக்கா. பிள்ளை பெரியம்மாவை அம்மா என்றும் அம்மாவைச் சித்தி என்றும் கூப்பிட்டு வளரும். எல்லோருக்கும் தெரியும், பிள்ளைக்கும் ஒருநாள் தெரியும். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. எழுதிப் பதிவு செய்துகொண்டால் பின்னால் சொத்துத் தகராறில் நிற்கும். பெரும்பாலும் எழுதுவதில்லை. இந்த வழியின் அழகு, பெற்றவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்பது. இதன் கொடுமையும் அதுவேதான். தங்கையிடம் கேட்டார்களா, அல்லது மாமியாரும் மச்சானும் திண்ணையில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டு அவளுக்குச் சொன்னார்களா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறிவிடும். கேட்டுச் செய்த வீடுகளையும் தெரியும். கேட்காமல் செய்த வீட்டில் கல்யாணப் பத்திரிகையில் பெற்றோர் பெயர் போடும் நாளில் வெடித்த சண்டையையும் தெரியும்.

எல்லாவற்றையும்விட முடிச்சு விழுந்த இடம் பதினெட்டு ஆகாத பெண்ணுடையது. எங்கள் மாவட்டத்தில் சிறார் திருமணம் இன்னும் நின்றபாடில்லை. பதினேழு வயதில் காதலித்து ஓடிப்போய்த் தாலி கட்டிக்கொண்டு மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரிக்கு வருபவளை டாக்டர் பார்த்ததும் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் பையன் உள்ளே போவான். அந்தப் பயத்தில் வீட்டார் அவளை ஒளித்து வைக்கிறார்கள். ஒளித்துவைத்த வாரங்களில் கலைக்கும் காலம் கடந்துவிடுகிறது. பிறகு பிரசவ அறையில் வயது தெரிந்து எப்படியும் வழக்கு வருகிறது. சிறுமியும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் போலீசுக்கான தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்த ஒரு வரி கம்பம் அரசு மருத்துவமனையிலும் சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் வெளிநோயாளிகள் பிரிவில் உட்காரும் ஒவ்வொரு மருத்துவருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தால் எத்தனை பெண்கள் ஒளியாமல் வருவார்கள்.

எந்த வழியில் பார்த்தாலும் அவளுக்கு எதிராக ஓடுவது நாட்கள்தான். ஒன்பது வாரத்துக்குள் என்றால் மாத்திரை, இருபதுக்குள் என்றால் ஒரு மருத்துவர், இருபத்துநான்கு தாண்டினால் கோர்ட்டு. சீக்கிரம் வந்தவளுக்கு எல்லா வழியும் திறந்திருக்கிறது; தத்தும்கூட, ஏனென்றால் ஆறு மாதம் முன்னாலேயே யாரிடம் போவது, எங்கே தங்குவது, யார் துணை என்று நிதானமாக ஏற்பாடு செய்யலாம். தாமதமாக வந்தவளுக்கு மிஞ்சுவதை முடிவு என்று சொல்வது வாய்வார்த்தை. அவளைத் தாமதப்படுத்துவது நாம். “யார்றி அவன்?” என்பதுதான் வீட்டில் விழும் முதல் கேள்வி. அதற்குப் பதில் வாங்குவதற்குள் இரண்டு வாரம், பஞ்சாயத்துக்கு இரண்டு வாரம், அவன் கட்டிக்கொள்வானா என்று பார்க்க ஒரு மாதம். கடைசியாகத் தலைமுழுகியது எப்போது என்று முதலில் கேட்கிற அம்மாவோ அக்காளோ வாய்த்தவள் கொடுத்துவைத்தவள்.

தேனி மாவட்ட ஆட்சியருக்கும் சுகாதாரத் துறைக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் ஸ்கேன் சென்டர்கள் எல்லாவற்றிலும் கருவின் பாலினத்தைக் கண்டறிவது குற்றம் என்று பலகை மாட்டியிருக்கிறது, மாட்டாவிட்டால் சீல் வைக்கிறார்கள். அதே சுவரில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், குமுளி சாலையில் ஜீப் நிற்கும் இடங்களிலும் இன்னொரு பலகை மாட்டுங்கள். 20 வாரத்துக்குள் கருக்கலைப்பு சட்டப்படியானது, பதினெட்டு நிறைந்த பெண்ணின் கையெழுத்து மட்டும் போதும், புருஷன் கையெழுத்து தேவையில்லை என்று அதில் எழுதுங்கள். பெற்றுத் தத்துக் கொடுக்க விரும்பினால் 1098க்குப் பேசலாம், குழந்தைகள் நலக் குழு ரகசியம் காக்கும், இரண்டு மாதத்துக்குள் மனம் மாறினால் பிள்ளையைத் திரும்ப வாங்கலாம் என்றும் கீழே எழுதுங்கள். இவற்றில் ஒன்றுகூடப் புதிய சட்டம் இல்லை. பலகைக்கும் பெயின்டுக்கும் ஆகிற செலவுதான்.